முப்பத்தாறாவது பல்!

பல்லு இருக்கிறவன் பக்கோடா சாப்பிடுவான் என்பார்கள். என்னிடம் பல்லும் இருந்தது, பக்கோடாவும் இருந்தது. இரண்டும் சந்தித்துக்கொண்ட இடத்தில்தான் தகராறு.

2024 ஆகஸ்ட். கிண்டியில் எங்கள் ஆபீஸ் கேன்டீன். சாயங்காலம் நாலு மணி. இடது பக்கம் கீழ்க் கடைவாயில் யாரோ ஊசியைக் காய்ச்சிச் செருகிய மாதிரி ஒரு 'சுரீர்'! டீ கிளாஸைப் பிடித்தபடி கண்ணில் நீர் முட்ட உட்கார்ந்திருக்கிறேன். அந்த நேரம் பார்த்து செல்போன். தங்கை.

"அண்ணா, ரேங்க் லிஸ்ட் வந்துடுச்சு! எம்.பி.பி.எஸ். கஷ்டம்தான். ஆனா பி.டி.எஸ். நிச்சயம் கிடைக்கும்!"

பல் வலியும், வீட்டுக்கே ஒரு பல் டாக்டரும் ஒரே நிமிஷத்தில் வந்து சேர்ந்தால் அதிர்ஷ்டம் என்றுதானே சொல்வீர்கள்? கொஞ்சம் பொறுங்கள். நாலு வருஷப் படிப்பு, ஒரு வருஷம் ஹவுஸ் சர்ஜன். டாக்டரம்மா தயாராக அஞ்சு வருஷம் ஆகும். என் பல் அஞ்சு நாள்கூடத் தாங்காது போலிருந்தது.

எங்கள் வீட்டைப் பற்றி ரெண்டு வரி. அப்பா 2016-ல் தவறிவிட்டார். குரோம்பேட்டையில் வாடகை வீடு. நான், அம்மா, தங்கை. எனக்கும் தங்கைக்கும் பதினோரு வயசு வித்தியாசம். அவள் ஸ்கூல் மீட்டிங்குக்கெல்லாம் நான்தான் போவேன். ஒரு டீச்சர் என்னைப் பார்த்து, "நீங்க பொண்ணோட ஃபாதரா?" என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து தினமும் ஷேவ் செய்துகொள்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கவுன்சலிங் இப்போது ஆன்லைனில். வீட்டில் உட்கார்ந்து, கல்லூரிகளை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தி 'லாக்' செய்துவிட வேண்டும். மேலே போட்டது கிடைத்துவிட்டால், கீழே இருப்பதைக் கம்ப்யூட்டர் திரும்பிக்கூடப் பார்க்காது. கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன்கள் பெயரை வரிசையாகப் போடுகிற மாதிரி ஆபத்தான வேலை!

தமிழ்நாட்டில் அரசு பல் மருத்துவக் கல்லூரி என்றால் சென்னையில் 1953-ல் ஆரம்பித்ததுதான் மூத்தது. அது தங்கை ரேங்க்குக்கு எட்டாது. புதுக்கோட்டையில் 2023-ல் திறந்தது கடைக்குட்டி. நடுவில் சிதம்பரம், அண்ணாமலை நகர். 1980-ல் பல்கலைக்கழகத்துக் கல்லூரியாக ஆரம்பித்தது. மாணவர்கள் நாள் கணக்கில் போராட்டம் நடத்திய பிறகு 2021-ல் அரசுக் கல்லூரிக் கட்டணத்துக்கு வந்தது. முந்தின வருஷத்து ரேங்க்குகளைப் பார்த்தால் சிதம்பரம் கிடைத்தாலும் கிடைக்கும்.

இன்னொன்று, எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஒரு தனியார் கல்லூரி. அரசு ஒதுக்கீட்டில் சீட் நிச்சயம். தினமும் ராத்திரி அம்மா கையால் சாப்பாடு. ஆனால் ஃபீஸ், பஸ், கருவிகள், அது இது என்று கூட்டிப் பார்த்தால் வருஷத்துக்கு மூணு லட்சத்தைத் தொட்டது. சிதம்பரத்தில் டியூஷன் ஃபீஸ் பதினஞ்சாயிரத்துக்குள், ஹாஸ்டல் தனி.

என் பாங்க் பாஸ்புக்கில் நாலு லட்சத்துச் சொச்சம் இருந்தது. எதற்காகச் சேர்த்தது என்று கல்யாண வயசுக்காரர்களிடம் விளக்க வேண்டியதில்லை. பெண்கூட ஏறக்குறைய முடிவாகியிருந்தது.

யோசனை சொல்ல ஆட்களுக்கா பஞ்சம்? மாடி வீட்டு மாமா, "தம்பி, பில்டிங்கைப் பாருங்க. பில்டிங் பெருசா இருந்தா படிப்பும் பெருசா இருக்கும்" என்றார். எங்கள் செக்ஷன் சூப்பரின்டென்டென்ட், "பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கறப்போ எந்த காலேஜ்னு எவன் கேக்கறான்? பக்கத்துலயே போடு" என்றார். விழுப்புரத்துச் சித்தப்பாவோ போனில், "பல் டாக்டரெல்லாம் ஒரு டாக்டராடா?" என்று ஆரம்பித்து அரை மணி நேரம் பேசினார். போன வருஷம்தான் அவருக்கு முழு பல் செட் கட்டினார்கள். அதைப் போட்டுக்கொண்டுதான் இவ்வளவும் பேசுகிறார்!

அப்போதுதான் பல் மறுபடி 'சுரீர்' என்றது. கூடவே ஒரு ஐடியா.

கல்லூரியை வெளியிலிருந்து பார்ப்பானேன்? நோயாளியாகவே உள்ளே போய்விட்டால்? ரெண்டு இடத்திலும் ஓ.பி. உண்டு. என்னிடம் பல் உண்டு. தங்கையிடம் சொன்னேன். "சூப்பர் அண்ணா! ஆனா வலிச்சா கத்தக் கூடாது. மானம் போயிடும்" என்று நிபந்தனையோடு சம்மதித்தாள்.

முதலில் தனியார். சனிக்கிழமை காலை. உள்ளே நுழைந்ததுமே ஏஸி முகத்தில் அடித்தது. வழவழவென்று தரை. சிகிச்சை நாற்காலிகள் வரிசையாக, விமானத்துக்குள் இருக்கிற மாதிரி. என்ன, விமானத்தில் பாதி ஸீட் காலி. நோயாளிகளைவிட வெள்ளைக் கோட்டு ஜாஸ்தி.

ஒரு மாணவி என் கேஸ் ஷீட்டை எழுதினாள். நாற்பது நிமிஷம்! பிரஷ்ஷா விரலா, ஒரு வேளையா ரெண்டு வேளையா, தாத்தாவுக்கு சர்க்கரை உண்டா... என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட இவ்வளவு விசாரிக்கவில்லை. பிறகு ஒரு பேராசிரியர் வந்து, வாய்க்குள் எட்டிப் பார்த்து, "தர்ட்டி ஸிக்ஸ், டீப் கேரீஸ்" என்றார்.

எனக்கு பகீரென்றது. "டாக்டர், மனுஷனுக்கே மொத்தம் 32 பல்தானே? எனக்கு எப்படி 36?"

மாணவி சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினாள். வாயை நாலு பாகமாகப் பிரித்து ஆளுக்கொரு நம்பர் கொடுத்திருக்கிறார்களாம். கீழே இடது பக்கம் மூணாம் நம்பர். நடுவிலிருந்து உள்ளே எண்ணிக்கொண்டு போனால் ஆறாவது பல். ஆக மூணு, ஆறு. பூட்டுச் சாவி நம்பர் மாதிரி. (உங்களுக்கு 48 வரைக்கும் இருக்கிறது, பயப்படாதீர்கள்.)

அடுத்து எம்.டி.எஸ். படிக்கிற ஒரு டாக்டர் தம்பியிடம் அனுப்பினார்கள். ரூட் கேனால் பண்ணணும் என்றார். ஊசி போட்டு, மைக்ரோஸ்கோப்பை இறக்கி, பல்லுக்குள் இருக்கும் குழாய்களை டி.வி. திரையில் தங்கைக்குக் காட்டினார். "பாரும்மா, வழக்கமா மூணு இருக்கும். அண்ணாவுக்கு நாலு!" ஏதோ நான் ரேங்க் வாங்கிவிட்ட மாதிரி இருந்தது. கிராம்புத் தைல வாசனையோடு தற்காலிகமாக அடைத்து, "அடுத்த வாரம் கண்டிப்பா வந்துடுங்க சார், நானே முடிச்சுத் தர்றேன். வேற எங்கயும் போயிடாதீங்க" என்றார். கடைசி வாக்கியத்தை அவர் சொன்ன விதத்தில் ஒரு கெஞ்சல் இருந்தது.

அதன் அர்த்தம் வராந்தாவில் புரிந்தது. கடைசி வருஷத்துப் பையன் ஒருவன் ஓடி வந்தான். "சார், ஸ்கேலிங் பண்ணிக்கறீங்களா? ஃப்ரீதான் சார். பஸ் சார்ஜ் நான் கொடுத்துடறேன்." தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோக்காரர் கூப்பிடுகிற மாதிரிதான். விஷயம் இதுதான். பரீட்சைக்கு முன்னால் இத்தனை பல் எடுத்திருக்க வேண்டும், இத்தனை அடைத்திருக்க வேண்டும் என்று கணக்கு உண்டு. ஆள் வராவிட்டால், மாணவர்களே ஆள் பிடிக்க வேண்டும்.

தங்கை அவனிடம் ஒரு கேள்வி கேட்டாள். "நீங்க முதல் பல் எப்போ எடுத்தீங்க?"

பையன் முகம் பிரகாசமாகிவிட்டது. "மார்ச் 14, வியாழக்கிழமை! ஒரு ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர். மேல் முன்பல். ஏற்கெனவே ஆடிட்டிருந்தது. போட்டோகூட வெச்சிருக்கேன்."

"இதுவரைக்கும் மொத்தம்?"

"ஆறு." குரல் இறங்கியது. "அதுல ரெண்டு எங்க பெரியப்பாவோடது."

நல்ல பையன். ஸ்கேலிங் பண்ணிக்கொண்டேன். பஸ் சார்ஜ் வாங்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை லீவ் போட்டுவிட்டு, ராத்திரி பஸ்ஸில் போய், விடியற்காலையில் சிதம்பரத்தில் இறங்கினோம். கொத்சு சாப்பிடாமல் வரலாமா? வலது பக்கமாகவே மென்று சாப்பிட்டேன். ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம்தான் அண்ணாமலை நகர்.

ஓ.பி. வாசலில் நாங்கள் போகும்போதே கூட்டம். புவனகிரி, கிள்ளை, காட்டுமன்னார்கோவில், கொள்ளிடம் தாண்டி சீர்காழிப் பக்கத்திலிருந்துகூட வந்திருந்தார்கள். தாடையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒரு விவசாயி. பந்து பட்டு முன்பல் உடைந்த பையன். உடைந்த துண்டைத் தாயத்து மாதிரி கையில் மூடி வைத்திருந்தான். புது பல் செட் வாங்க வந்த ஒரு ஆயா தங்கை பக்கத்தில் உட்கார்ந்து, "நீ டாக்டருக்கா படிக்கிறே கண்ணு?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

என் முறை வர பதினொன்றரை. ஹவுஸ் சர்ஜன், சின்னப் பெண். நெற்றியில் வியர்வை. நாற்பது நிமிஷக் கதையெல்லாம் கிடையாது. வாயைத் திற, விளக்கை அடி, கண்ணாடியை விடு. "முப்பத்தாறு. ரூட் கேனால் ஆரம்பிச்சிருக்காங்க. எங்க ஆரம்பிச்சீங்களோ அங்கயே முடிச்சுடுங்கண்ணா." மூணு நிமிஷம். நான் எழுந்திருக்கப் போனேன்.

"இருங்க. பாக்கு போடுவீங்களா?"

பக்கென்றது. மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பொட்டலம், சாயங்காலம் ஒன்று. வீட்டில் யாருக்கும் தெரியாது. முந்தின சனிக்கிழமை அவ்வளவு கேட்டார்களே, அதில் இந்தக் கேள்வி வந்தபோது ரொம்ப கம்பீரமாக 'இல்லை' என்று எழுத வைத்தவன் நான். இந்தப் பெண் கேட்கவே இல்லை. கன்னத்தின் உள்பக்கத்தைப் பார்த்துவிட்டாள்.

பக்கத்து நாற்காலியில் ஒருத்தரைக் காட்டினாள். என் வயசுதான் இருக்கும். டெம்போ ஓட்டுகிறவராம். வாய் ரெண்டு விரல் அளவுக்கு மேல் திறக்கவில்லை. பாக்கு மென்று மென்று கன்னத்துக்குள் தசை நார் நாராக இறுகிப்போய்விடுமாம். இறுகினது பழையபடி இளகாதாம். சில பேருக்குப் பின்னால் புற்றுநோயாகவும் மாறலாமாம். "உங்க மூணு விரலை நெட்டுக்குத்தா வாயில வெச்சுப் பாருங்கண்ணா."

வைத்தேன். போயிற்று. ஆனால் எளிதாகப் போகவில்லை என்று எனக்கே தோன்றியது.

"இப்போ மூணு. இதே மாதிரி போட்டுட்டிருந்தா ரெண்டாயிடும். நிறுத்திடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். என் தங்கை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டைப் பையில் இருந்த பொட்டலத்தை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

கூட்டம் கொஞ்சம் குறைந்ததும் அந்த ஹவுஸ் சர்ஜனிடம் போய், அதே கேள்வியைக் கேட்டாள். "அக்கா, நீங்க முதல் பல் எப்போ எடுத்தீங்க?"

அந்தப் பெண் கையுறையைக் கழற்றியபடி யோசித்தாள். "முதல் பல்லா? ஞாபகம் இல்லையேம்மா. யாரு எண்ணினா? முதல்ல வேர் உடைஞ்சது வேணா ஞாபகம் இருக்கு. மேடம் பக்கத்துலயே நின்னாங்க. 'நான் தொட மாட்டேன், நீதான் எடுக்கணும்'னுட்டாங்க. அரை மணி நேரம். எடுத்துட்டேன். அன்னிக்கு ராத்திரி சாப்பாடு இறங்கலை. அதுக்கப்புறம் பயம் போயிடுச்சு."

திரும்பி வருகிற பஸ்ஸில் தங்கை ஜன்னலில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். நான் கணக்குப் போட ஆரம்பித்தேன்.

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். சிதம்பரத்தில் பார்த்தது எனக்குப் பிடித்துவிட்டது. ஆனால் அந்தக் கூட்டம் பிடித்ததா, அந்தப் பதினஞ்சாயிரம் பிடித்ததா? தனியார் கல்லூரியில் அந்த மைக்ரோஸ்கோப்பும், திரையில் காட்டிச் சொல்லிக் கொடுத்த பொறுமையும் சாதாரணமா? அங்கே ஃபீஸும் பதினஞ்சாயிரம்தான் என்றால் இதே கூட்டத்தைப் பார்த்து, 'ஐயோ, இந்த நெரிசலில் குழந்தை என்ன படிக்கும்?' என்று சொல்லியிருப்பேனோ? 2012-ல் எனக்கு பி.காம். சேர்க்கும்போது அப்பா இப்படித்தான் பஸ் கட்டணத்தைப் பார்த்துக் கல்லூரியைத் தேர்ந்தெடுத்தார். "அங்கதான்டா நல்லா சொல்லித் தர்றாங்க" என்றார். ரொம்ப நாள் நம்பினேன். இப்போது நானும் அதே வாக்கியத்தைத் தயார் பண்ணிக்கொண்டிருக்கிறேன்!

யோசித்துப் பாருங்கள். இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை 1920-ல் கல்கத்தாவில் ஆரம்பித்த டாக்டர் ரஃபியுதீன் அகமது, அதை நடத்த 'நியூயார்க் சோடா ஃபவுன்டன்' என்று ஒரு கடை போட்டு, அந்த வருமானத்தைக் கல்லூரியில் போட்டாராம். ஊருக்கெல்லாம் இனிப்பு விற்று, அந்தக் காசில் பல் வைத்தியம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்! பல் படிப்பில் பணத்தைப் பற்றி யோசிப்பது ஆதியிலிருந்தே உண்டு என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். தேறவில்லை.

லாக் செய்ய வேண்டிய கடைசி நாள். ராத்திரி ஒன்பது மணி. அம்மா அடுப்படியிலிருந்து ஒரே பல்லவி. "பொம்பளப் புள்ளைய ஹாஸ்டல்ல விட்டுட்டு நான் என்னத்தைச் சமைச்சு, யாருக்குப் போட?" நான் வீரமாக ஒரு முடிவு எடுத்திருந்தேன். தங்கையைக் கூப்பிட்டேன்.

"பாப்பா, பக்கத்து காலேஜையே முதல்ல போடு. பணத்தைப் பத்தி நீ யோசிக்காதே. லோன் போட்டுக்கறேன்."

"போட்டாச்சுண்ணா."

"எதை?"

லேப்டாப்பைத் திருப்பினாள். 1: சிதம்பரம். 2: பக்கத்துக் கல்லூரி. கீழே பூட்டுப் படம். சாயங்காலமே லாக் பண்ணிவிட்டாள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. "என் பணத்துக்காகப் பார்த்தியா? உண்மையைச் சொல்லு."

"அதுவும் ஒரு காரணம்தான்" என்றாள் நிதானமாக. "இல்லேன்னு சொன்னா நீ நம்புவியா? நாலு லட்சம் எதுக்கு வெச்சிருக்கேன்னு எனக்குத் தெரியாதா?"

"அப்போ இன்னொரு காரணம்?"

"அந்தப் பையனுக்குத் தேதி ஞாபகம் இருந்துது. அந்தக்காவுக்கு ஞாபகமே இல்லை." கொஞ்சம் நிறுத்தி, "அப்புறம், அந்தக்கா உன் பாக்கைக் கண்டுபிடிச்சாங்க. ஒரே வீட்ல இருக்கேன், நான் கண்டுபிடிக்கலை."

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. "என்ன பாக்கு?" என்று அம்மா கரண்டியோடு வெளியே வந்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் கல்லூரியைப் பற்றி யாரும் பேசவில்லை.

சிதம்பரமே கிடைத்தது. கொண்டுபோய் விட்டுவிட்டு வந்த அன்று அம்மா மூணு பேருக்குச் சமைத்துவிட்டு, ஒரு தட்டைத் திரும்ப அலமாரியில் வைத்தார். அதைப் பார்த்தபோது மட்டும், வருஷம் மூணு லட்சம் அவ்வளவு பெரிய தொகையாகத் தெரியவில்லை.

என் பல்லை அந்தத் தனியார் கல்லூரி டாக்டர் தம்பியிடமே முடித்துக்கொண்டேன். அருமையான வேலை. இன்றைக்கு வரை வலி இல்லை. பக்கோடா இடது பக்கம்தான். பாக்கு நின்றுவிட்டது. கல்யாணமும் நடந்துவிட்டது.

அடுத்த மே மாதம் லீவுக்கு வந்த தங்கை, பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தாள். உள்ளே பஞ்சுக்கு நடுவில் மெழுகில் செதுக்கின ஒரு பல். கட்டை விரல் உயரம். மேடு, பள்ளம், ரெண்டு வேர் எல்லாம் அச்சாக இருந்தது. முதல் வருஷத்தில் இதுதான் வேலையாம். மெழுகுக் கட்டியைக் கொடுத்து, கத்தியைக் கொடுத்து, பல்லைச் செதுக்கச் சொல்வார்களாம்.

"எது சொல்லு?"

"முப்பத்தாறு!"

"கரெக்ட்! மூணாவது வருஷம் கிளினிக் ஆரம்பிச்சுடும். அப்புறம் ஹவுஸ் சர்ஜன் ஆனதும் உன்னுதை நானே ரூட் கேனால் பண்றேன்."

"அது அப்பவே முடிஞ்சு போச்சே பாப்பா. அந்தத் தம்பிதான் பண்ணினார்."

அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! "வீட்டுக் கேஸைத் தூக்கி வெளியாளுக்குக் கொடுத்துட்டியா?" என்று கத்திவிட்டு, என் தாடையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினாள். "வாயைத் திற. நாற்பத்தாறு எப்படி இருக்கு, பார்க்கறேன்."